மணிக்கட்டு வலிக்கிறதா? முதலில் ஒரு வணக்கம் வைத்துப் பாருங்கள்

சூரியனுக்குரிய ரத சப்தமி முடிந்த வாரத்தில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பிசியோதெரபிக்கு வருபவர்கள் உண்டு. தினமும் 12 சுற்று சூரிய நமஸ்காரம் செய்து பழகியவர்கள் அன்று ஒரேயடியாக 108 சுற்று செய்திருப்பார்கள். ஒரு சுற்றில் நான்கு நிலைகளிலாவது உடல் எடை உள்ளங்கைக்கு வருகிறது. கணக்குப் போட்டால் 432 முறை!

முழங்கால் போல மணிக்கட்டு தினமும் எடை சுமந்து பழகியதல்ல. பலருக்கு அது தானாகப் பின்னால் மடங்குவதே ஏறத்தாழ 70 டிகிரிதான். கைகளை ஊன்றி உடலைப் பலகை போல நேராக நிறுத்தும் பிளாங்கில் நிற்கும்போது நாம் அதனிடம் 90 டிகிரி கேட்கிறோம், அதுவும் எடையை ஏற்றி.

உங்களுக்கு அந்த வளைவு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மார்புக்கு முன் கைகூப்புங்கள். உள்ளங்கைகள் ஒட்டியபடியே கைகளை மெதுவாகக் கீழே இறக்குங்கள். இரு முன்கைகளும் ஒரே நேர்கோட்டில் வருவதற்குள் உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிந்துவிட்டால், அல்லது வலித்தால், உங்கள் மணிக்கட்டு இன்னும் தயாராகவில்லை. மடித்த துண்டின் விளிம்பை உள்ளங்கையின் அடிப்பகுதிக்குக் கீழே வையுங்கள், விரல்கள் தரையிலேயே இருக்கட்டும். வளைவு குறைந்துவிடும். மெத்தென்று இருக்கிறதே என்று தடித்த மேட் வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அதில் உள்ளங்கையின் அடி புதைந்து, வளைவு இன்னும் கூடும்.

சென்ற ஆண்டு வந்த ஒரு அம்மாவுக்கு வளைவெல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் சுண்டுவிரல் பக்கம் வலி. கை, கால்களை ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் நிற்கச் சொல்லி, அவருடைய ஆள்காட்டி விரலின் அடியில் ஒரு தாளை வைத்து இழுத்தேன். சுலபமாக வந்துவிட்டது. எடை முழுவதும் கையின் வெளி ஓரத்தில் விழுந்துகொண்டிருந்தது. விரல்களை நன்றாக விரித்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் அடிப்பகுதியையும் தரையில் அழுத்தப் பழகினார். தாள் வராமல் நின்ற பிறகுதான் சுற்றுகளைக் கூட்டச் சொன்னேன்.

அப்புறம், தோள். பிளாங்கில் தோள் மணிக்கட்டைத் தாண்டி முன்னால் போனால் வளைவு 90 டிகிரியையும் தாண்டிவிடும். கை வலுப் பெறும்வரை முழங்காலைத் தரையில் வைத்துச் செய்வதில் ஒரு குறையும் இல்லை.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் ஆசனத்தைத் திருத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உள்ளங்கைகளில் மட்டும் உடலைத் தாங்கும் பகாசனத்திலிருந்து சரிந்து கையை ஊன்றி விழுந்தவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. வலி நீடித்தால் 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவரை அந்தக் கையை ஊன்ற வேண்டாம்.