உட்கார்ந்தால் 97, நடந்தால் 86

"டாக்டர், ஆக்சிஜன் 97 காட்டுது. அப்புறம் ஏன் மாடி ஏறினா மூச்சு வாங்குது?" விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டினார் அந்தப் பெரியவர். கருவி பொய் சொல்லவில்லை. உட்கார்ந்திருப்பவரின் கணக்கு அது, அவ்வளவுதான்.

சரி, என்னோடு நடங்கள் என்று வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். மூன்றாவது சுற்றில் 91. நான்காவது முடிவதற்குள் 86. பேச்சு நின்றது, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நுரையீரலில் காற்றும் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நுண்ணறை என்னும் குட்டிக் காற்றுப்பைக்கும் தந்துகி என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்க்கும் நடுவே ஒரு மைக்ரான்கூட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இல்லாத மெல்லிய சவ்வு. அதைத் தாண்ட ஆக்சிஜனைத் தள்ளிவிடுவது அழுத்த வித்தியாசம் மட்டுமே: நுண்ணறையில் 100 மில்லிமீட்டர் பாதரசம் அளவு, வந்து சேரும் இரத்தத்தில் 40. கரியமில வாயுவுக்கு இந்த வித்தியாசம் வெறும் 5தான். ஆனாலும் அது ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு எளிதாகக் கடந்துவிடும். அதனால்தான் சவ்வு தடித்தால் முதலில் அடிவாங்குவது ஆக்சிஜன்.

இதில் நேரக் கணக்கும் உண்டு. ஓய்வில் ஒரு சிவப்பணு அந்தத் தந்துகியைக் கடக்க முக்கால் விநாடி ஆகும். ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளக் கால் விநாடி போதும். மீதி அரை விநாடி கையிருப்பு. சவ்வு தடித்தவருக்கு அந்தக் கையிருப்பு உட்கார்ந்திருக்கும்போதே கரைந்துவிடுகிறது. எண் மட்டும் நன்றாக இருக்கும். நடந்தால் இரத்தம் வேகமெடுக்கிறது, சிவப்பணு அரைகுறையாக ஏற்றிக்கொண்டு ஓடுகிறது.

மாதக்கணக்கில் வறட்டு இருமல், நடந்தால் இரைப்பு என்றால் வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். மருத்துவரிடம் போய், நடக்கவைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாக வீட்டில் வேண்டாம், உட்கார்ந்திருக்கும்போதே எண் குறைவாக இருப்பவர்கள் கட்டாயம் வேண்டாம். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் கருவியை ஏமாற்றும், அதையும் கவனியுங்கள்.

பெரியவரின் முதுகில் ஸ்டெத்தை வைத்தேன். மூச்சை இழுக்கும்போது, அடிப்பகுதியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி சத்தம். சி.டி. ஸ்கேனுக்கு எழுதினேன். சவ்வு தடிப்பதற்குக் காரணங்கள் பல: கல் தூசு, முடக்குவாதம், சில மாத்திரைகள், பறவை இறகிலும் எச்சத்திலும் இருந்து வரும் தூசு. ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்விக்குத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"புறா வளர்க்கிறேன், டாக்டர். பதினஞ்சு வருஷமா."