'நர்சிங் ரிசர்ச்': தமிழில் செவிலிய ஆய்வு

செவிலியர் படிப்புக்கான பாடங்களைத் தமிழில் எழுதத் தொடங்கிய நாட்களில் என்னை முதலில் நிறுத்திய சொல் 'நர்சிங் ரிசர்ச்'. அதிகம் யோசிக்காமல் 'செவிலியர் ஆய்வு' என்று எழுதி வைத்தேன். படித்துப் பார்த்த மூத்த செவிலியர் ஒருவர், "எங்கள ஆய்வு பண்ண யாரு வர்றாங்க?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரிதான். தமிழில் ஆய்வு என்றால் ஆராய்ச்சி மட்டும் இல்லை. மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பதிவேட்டைப் புரட்டுவதும் ஆய்வுதான். 'செவிலியர் ஆய்வு' என்று தலைப்புப் போட்டால் செவிலியர்கள் செய்யும் ஆய்வா, செவிலியர்களைப் பற்றிய ஆய்வா, அவர்கள் வேலையைச் சோதிக்கும் ஆய்வா என்று மூன்று பக்கம் பொருள் ஓடுகிறது. நாம் சொல்ல வருவது வேறு. நோயாளியைக் கவனிக்கும் வேலை இருக்கிறதே, அந்த வேலையைப் பற்றிய ஆய்வு. அதைச் செய்கிறவர் பெரும்பாலும் செவிலியர்தான். ஆனால் ஆராயப்படுவது வேலை. அந்த வேலைக்குச் செவிலியம் என்று பெயர். ஆகவே செவிலிய ஆய்வு. 'ர்' என்ற ஓர் எழுத்து போனதும் பொருள் தெளிந்துவிடுகிறது.

சரி, இந்தச் செவிலி எங்கிருந்து வந்தாள்? ஆங்கிலச் சொல்லின் வழியைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தால் ஒரு அழகான ஒற்றுமை தெரியும். லத்தீனில் 'நூத்ரிரே' என்றால் பாலூட்டுதல், ஊட்டி வளர்த்தல். அதிலிருந்து பிறந்த சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'நர்ஸ்' ஆனது. ஊட்டச்சத்தைக் குறிக்கும் 'நியூட்ரிஷன்' இதே வேரில் கிளைத்ததுதான். பிறர் பெற்ற குழந்தைக்குப் பால் கொடுத்து வளர்த்தவளே முதல் நர்ஸ். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழ்ச் செவிலியும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழி என்பவள் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் உறவுமுறையே சொல்கிறது. செவிலித்தாயரை ஐந்தாகப் பிரிக்கும் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. நீராட்டுபவள் ஆட்டுவாள், உணவு கொடுப்பவள் ஊட்டுவாள், தாலாட்டித் தூங்கவைப்பவள் ஓலுறுத்துவாள், பேச்சும் கதையும் சொல்லிப் பழக்குபவள் நொடிபயிற்றுவாள், கையில் ஏந்தி வைத்திருப்பவள் கைத்தாய். ஒரு வார்டில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்று பாருங்கள், இந்த ஐந்தும் நடக்கும். ஒருவருக்கு உடம்பு துடைத்துவிடுகிறார்கள். இன்னொருவருக்குக் கரண்டியால் ஊட்டுகிறார்கள். வலியில் தூங்காதவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதலாகப் பேசுகிறார்கள். வீட்டுக்குப் போனபின் இன்சுலினை எங்கே, எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவரைத் தாங்கிப் பிடித்து நாலு எட்டு நடக்கவைக்கிறார்கள். செவிலி என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் இதையெல்லாம் எண்ணித்தான் எடுத்தார்களா தெரியாது என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. சொல் அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது.

குறுந்தொகையின் 167ஆம் பாடலை இங்கே சொல்லியாக வேண்டும். மணமாகிப் போன பெண்ணின் வீட்டுக்குச் செவிலி போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்வதாக அமைந்த பாடல். 'நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதே' என்று அவள் சொல்வதில்லை. கண்டதை வரிசையாகச் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டாள். தாளிக்கும் புகை கண்ணில் பட்டது. தானே துழாவிச் சமைத்ததைக் கணவன் 'இனிது' என்று சொல்லி உண்டான். அவள் முகம் நுண்ணியதாக மகிழ்ந்தது. அவ்வளவுதான். அந்தச் சின்ன மலர்ச்சியைக் கண்டுபிடிக்க அந்த முகத்தைப் பல ஆண்டு பார்த்துப் பழகியிருக்க வேண்டும். கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, முடிவைக் கேட்பவரிடம் விட்டுவிடுவது. இன்றைக்குக் கேஸ் ஷீட்டில் குறிப்பு எழுதக் கற்றுக்கொடுக்கும்போது மாணவர்களிடம் கேட்பதும் இதைத்தானே. 'நோயாளி சோர்வாக இருக்கிறார்' என்பதைவிட 'காலை உணவில் பாதியை வைத்துவிட்டார், கூப்பிட்டால் கண் திறக்கிறார், பதில் சொல்லத் தாமதமாகிறது' என்பது அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு எவ்வளவோ உதவும்.

வேறு சொற்களும் புழக்கத்தில் உண்டு. இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழில் தாதி, தாதியர் என்பதே நடைமுறை. வளர்ப்புத்தாயைக் குறிக்கும் வடசொல் 'தாத்ரி' அதன் மூலம். அங்கே அது மதிப்பான சொல், அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டு வாசகருக்குப் பழைய பாடல்களில் பணிப்பெண்ணைக் குறிக்கும் தாதி நினைவுக்கு வந்துவிடும் என்பதால் நான் செவிலியர் என்றே எழுதுகிறேன். திருக்குறள் இன்னொரு சொல்லை வைத்திருக்கிறது. மருத்துவத்துக்கு நான்கு கூறு என்று சொல்லும் 950ஆம் குறளில் நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' வருகிறான். உழை என்றால் பக்கம், அருகு. பக்கத்திலேயே இருந்து மருந்தைப் பிழையில்லாமல் கொடுப்பவன். நால்வகையும் சேர்ந்துதான் மருத்துவம். உழைச்செல்வான் மருத்துவனுக்குக் கீழே இல்லை, பக்கத்தில் இருக்கிறான். வழக்கில் இந்தச் சொல் நிலைக்கவில்லை. ஆனால் செவிலிய ஆய்வு ஏன் தனித் துறையாக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் குறளைத்தான் சொல்வேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவது, வந்து போகிறவருக்குத் தெரியாது.

இனி ஆய்வு. ஆய் என்ற வினைக்குத் தெரிந்தெடுத்தல், பொறுக்கியெடுத்தல் என்று பொருள். கீரை ஆய்வது என்று இன்றும் சொல்கிறோம். பழுத்ததையும் பூச்சி அரித்ததையும் கிள்ளிப் போட்டுவிட்டு நல்லதை எடுத்துவைப்பது. 'ரிசர்ச்' என்ற சொல்லின் அடியில் இருப்பது சுற்றி வருதல் என்னும் லத்தீன் வினை. வார்டில் ரவுண்ட்ஸ் போவது ஆய்வின் வேர்ப்பொருளுக்கே நெருக்கம்தான். இருந்தாலும் எனக்குத் தமிழ்ச் சொல்லே பிடித்திருக்கிறது. செவிலிய ஆய்வு உண்மையில் செய்வது கிள்ளிப் போடுவதைத்தான்: காலம்காலமாகச் செய்து வருகிற பழக்கங்களில் எது நோயாளிக்கு நல்லது, எது வெறும் பழக்கம் என்று பிரிப்பது.

படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்வோம். எழுந்திருக்க முடியாத நோயாளியை ஒருக்களித்துத் திருப்பியதும் செவிலியர் கண் நேராகப் போவது அடிமுதுகுக்கும் குதிகாலுக்கும். எலும்புக்கு மேல் ஓரிடம் சிவந்திருந்தால் விரலால் சில நொடி அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி நிறம் திரும்பினால் சரி. வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் அங்கே தோலுக்கும் அடியில் உள்ள திசுவுக்கும் சேதம் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அப்போது தொட்டுப் பார்த்துச் சூடும் இறுக்கமும் பக்கத்துத் தோலிலிருந்து மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் இதற்குச் செய்த வைத்தியம், அந்த இடத்தில் ஸ்பிரிட்டோ களிம்போ பவுடரோ போட்டுத் தேய்ப்பது. இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் தன் குழுவோடு முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு 1962ல் வெளிவந்தது. தடவுவதிலும் தேய்ப்பதிலும் பலன் இல்லை, நோயாளியை அடிக்கடி மாற்றிப் படுக்கவைத்து அழுத்தத்தைக் குறைப்பதுதான் காக்கிறது என்று அது காட்டியது. யாருக்குப் புண் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க ஓர் அளவுகோலையும் அவர்கள் உருவாக்கினார்கள். உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், மலசலக் கட்டுப்பாடு என்று ஐந்து தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 20. கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. மருந்து இல்லை, கருவி இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்த்துப் போடும் கணக்கு. செவிலிய ஆய்வு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இது.

அதற்கு நூறாண்டு முன்பே புளோரன்ஸ் நைட்டிங்கேல் வழி போட்டுவிட்டார். 1854 நவம்பரில் துருக்கியில் இருந்த ஸ்குடாரி போர் மருத்துவமனைக்குப் போனவர், கிரிமியப் போரில் வீரர்கள் காயத்தால் இறந்ததைவிடத் தொற்றுநோயால் இறந்ததே மிக அதிகம் என்பதை மாதவாரி எண்ணிக்கையாகத் திரட்டி, 1858ல் வட்ட வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. விளக்கேந்திய சீமாட்டி என்றே படித்து வளர்ந்தோம். அந்த எண்ணிக்கைப் பட்டியல்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் முழுதாகத் தெரிவார்.

ஆய்வின் உட்பிரிவுகளுக்கும் சொல் வேண்டும். நோயாளருக்குச் செய்வதைப் பாடநூல்கள் 'பராமரிப்பு' என்கின்றன. தவறில்லை. ஆனால் கட்டடத்துக்கும் சாலைக்கும் இயந்திரத்துக்கும் அதே சொல்தான். மக்கள் வாயில் வருவது வேறு: "ராத்திரி முழுக்க நல்லா கவனிச்சுக்கிட்டாங்க", "அந்த சிஸ்டர்தான் பாத்துக்கிட்டாங்க". கவனித்தல் என்றால் உற்று நோக்குதலும்தான், பேணுதலும்தான். பார்த்துக்கொள்ளுதலில் பார்வை நேரடியாகவே இருக்கிறது. நோக்குவதையும் பேணுவதையும் தமிழ் ஒரே வினையால் சொல்கிறது. கவனிப்பைப் பற்றிய ஆய்வு என்பது அந்தக் கவனிப்பையே இன்னும் முறையாகச் செய்வது என்பது நம் மொழிக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் 'நோயாளர் கவனிப்பு' என்று துணிந்து எழுதலாம் என்பது என் கருத்து.

அடுத்தது 'ஹெல்த் ப்ரமோஷன்'. இதைச் சுகாதாரப் பிரசாரம் என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். தட்டி வைப்பதும் துண்டறிக்கை கொடுப்பதும் அதில் ஒரு சின்னப் பகுதிதான். 1986ல் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் உருவான ஒட்டாவா சாசனம் சொல்வது, மக்கள் தங்கள் உடல்நலத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு மேம்படுத்திக்கொள்ள வழிசெய்வது. எனவே நல மேம்பாடு. இதில் செவிலியர்கள் எடுத்துக்கொண்ட ஓர் எளிய முறையைத் 'திருப்பிச் சொல்லவைத்தல்' எனலாம். மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "வீட்டில் உங்கள் மகள் கேட்டால் இதை எப்படிச் சாப்பிடுவதென்று சொல்வீர்கள்?" என்று கேட்டால்தான் எங்கே புரியவில்லை என்பது வெளிவரும். தவறாகச் சொன்னால் குறை விளக்கியவர் மேல்தான். மறுபடி வேறு விதமாக விளக்க வேண்டும். நொடிபயிற்றுவாளின் வேலை இது.

கல்வியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ட்ரெய்னிங்' என்பதைப் பயிற்சி என்றும், முழுப் படிப்பைச் செவிலியக் கல்வி என்றும் பிரித்து எழுதுவது நல்லது, இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்கன் குழுவினர் ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளில் செய்து 2014ல் வெளியிட்ட ஆய்வில், பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடும்போது, அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு சுமார் 7 சதவீதம் அதிகம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. இதனால்தான் அது என்று ஒரே அடியாக அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் செவிலியரின் படிப்பை வீண் செலவு என்று பேசுகிறவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம். செவிலியம் என்ற சொல்லின் கடைசி மெய் போய்விடுவதால் அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: செவிலியக் கல்வி, செவிலியப் பாடம். செவிலியர் கல்வி, செவிலியர் பணி என்றால் மிகாது. செவிலி பெண்பாற் சொல்லாகவே வழங்கி வந்தது. செவிலியர் என்று மரியாதைப் பன்மையில் எழுதினால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகிவிடும். 'செவிலியர் ஒருவர் வந்து நாடி பார்த்தார்' என்று எழுதலாம், வந்தவர் யாராக இருந்தாலும். கட்டிலில் இருந்து கூப்பிடுகிறவர் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். அதை மாற்ற வேண்டியதில்லை.