சீடை டின்னும் மரவீட்டுப் படையும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு மேல் பெரியவர்கள் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். சித்திரை வெயில் முற்றத்தில் காய, பட்டாலைக் கூடத்தில் சில்லென்றிருக்கும் ஆத்தங்குடிக் கல் தரையில் ஆளுக்கொரு தலையணையோடு சாய்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரம் வீடு எங்களுடையது. டிவி சத்தத்தை ஒன்றில் வைத்துக்கொண்டு, ஆறு பேரும் திரையில் மூக்கு முட்ட உட்கார்ந்து 'கோட்நேம்: கிட்ஸ் நெக்ஸ்ட் டோர்' பார்ப்போம்.

அமெரிக்காவில் 2002 டிசம்பரிலிருந்து 2008 ஜனவரி வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடிய தொடர் அது. உருவாக்கியவர் டாம் வார்பர்டன். ஐந்து பிள்ளைகள், பெயருக்குப் பதில் நம்பர் ஒன்று முதல் ஐந்து வரை. இருப்பிடம் ஒரு பிரம்மாண்டமான மரவீடு. வீட்டில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை ஒட்டவைத்துச் செய்த ஆயுதங்கள். எதிரி, பெரியவர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இது ஏன் அப்படிப் பிடிக்கிறது? 'தடுத்தால் ஆசை கூடும்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதற்கு உளவியலில் பெயரும் உண்டு. நமக்கு இருக்கிறது என்று நினைக்கிற சுதந்திரத்தில் யாராவது கை வைத்தால், அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ள மனம் முண்டும். இந்த எதிர்வினையை 'ரியாக்டன்ஸ்' என்ற பெயரில் 1966-இல் ஒரு கோட்பாடாக எழுதினார் அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம். பிறகு 1977-இல் ஷாரன் பிரெமும் மார்ஷா வைன்ட்ராபும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பொம்மை கண்ணாடி போன்ற தடுப்புக்குப் பக்கத்தில், இன்னொன்று தடுப்புக்குப் பின்னால். தடுப்பு குட்டையாக இருந்தபோது எதை முதலில் எடுப்பது என்பதில் பெரிய வித்தியாசமில்லை. உயரமாக்கியதும் பையன்கள் பின்னாலிருந்த பொம்மையைத்தான் தேடிப் போனார்கள். பெண் குழந்தைகளிடம் இது தெரியவில்லையாம். என் தங்கையை அவர்கள் பார்த்ததில்லை.

ஆனால் தடுப்பு மட்டுமே கதையில்லை, எப்படித் தடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில், ஓர் அறையின் மேல்தட்டில் ஒரு தகர டின் இருக்கும். சீப்புச்சீடை. மூடியைத் திறந்தால் 'டொங்' என்று வளவு (முற்றமும் சுற்றியுள்ள அறைகளும்) முழுக்கக் கேட்கும். அதனால் ஒருவன் மூடியின் நடுவில் உள்ளங்கையை அழுத்திப் பிடிக்க, இன்னொருவன் விளிம்பை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். ஆயா, "அது விருந்தாடிக்கு வச்சது, கை வைக்கப்படாது" என்று சும்மா சொல்லிவிட்டுப் போன நாட்களில் நாங்கள் பெரும்பாலும் தொட்டதில்லை. சின்ன மாமா தொடையில் தட்டி மிரட்டிய நாட்களில்தான் டின் காலியாகும்.

எலியட் ஆரன்சனும் மெரில் கார்ல்ஸ்மித்தும் 1963-இல் வெளியிட்ட சோதனை ஏறக்குறைய இதுதான். மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் பிடித்த ஒரு பொம்மையைக் காட்டி, தொடாதே என்றார்கள். சிலரிடம் மெதுவாக, சிலரிடம் கடுமையாக. அந்த நேரத்துக்கு இரு தரப்பும் தொடவில்லை. ஆனால் மெதுவாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பொம்மை மேலிருந்த ஆசையே குறைந்துவிட்டது. மிரட்டப்பட்டவர்களுக்குக் குறையவில்லை. இரண்டு வருடம் கழித்து ஜொனாதன் ஃப்ரீட்மன் ஒரு ரோபோ பொம்மையை வைத்துச் செய்ததில், சில வாரங்களுக்குப் பிறகு தடையில்லாமல் விட்டபோது, மிரட்டப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அதை எடுத்து விளையாடினார்கள். மெதுவாகச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. காரணம் இப்படி: பெரிய மிரட்டல் இருந்தால், 'பயந்துதான் தொடவில்லை' என்று பிள்ளைக்குத் தெரியும். மிரட்டல் சிறியதாக இருந்தால் அந்தக் காரணம் போதாது. 'எனக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை போல' என்று மனம் தானே ஒரு காரணம் செய்துகொள்கிறது.

சரி, இதை வைத்து அந்தத் தொடரை முழுசாக விளக்கிவிட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். அதில் வரும் வில்லன்களைப் பாருங்கள். கிராமா ஸ்டஃபம் என்ற பாட்டி பிள்ளைகளின் வாயில் சாப்பாட்டைத் திணிப்பவள். நைட்பிரேஸ் பல்லைப் பிடித்துக்கொண்டு விடாதவன். கவுண்ட் ஸ்பாங்குலாட் பின்புறத்தில் அடிப்பவன். வாய், பல், உடம்பு. 'திருடாதே', 'அடுத்த பிள்ளையை அடிக்காதே' என்று சொல்லும் பெரியவருக்கு எதிராக அந்த ஐவரும் படை திரட்டுவதில்லை.

எலியட் துரியேல், ஜூடித் ஸ்மெட்டானா, லாரி நூச்சி போன்ற ஆய்வாளர்கள் பல வருடங்களாகக் காட்டிவருவது இதைத்தான்: பிள்ளைகள் விதிகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. நியாயம், வழக்கம், என் சொந்த விஷயம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டையும் மூன்று நான்கு வயதிலேயே பிரிக்கத் தெரிந்துவிடுகிறது. போன திருவிழாவுக்குப் போனபோது அக்கா மகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஆறு வயது.

"அப்பத்தா சரின்னு சொன்னா தம்பிய அடிக்கலாமா?"

"அப்பவும் தப்புத்தான்."

"அப்பத்தா சரின்னு சொன்னா பந்தியில எல்லாருக்கும் முன்னாடி எந்திரிக்கலாமா?"

"சரின்னு சொன்னா எந்திரிக்கலாம்."

"முடியக் குட்டையா வெட்டிக்கிறது?"

முறைத்தாள். "அதை ஏன் அப்பத்தாட்டக் கேக்கணும்?"

அந்த மூன்றாவது வேலிக்குள் பெரியவர்கள் காலை வைக்கும்போதுதான் சண்டை. பதின்ம வயதில் பெற்றோரோடு வரும் தகராறுகளும் பெரும்பாலும் அறையை ஒழுங்காக வைப்பது, உடுப்பு, தூங்கப் போகும் நேரம் என்றுதான் சுற்றிவருகின்றன. பெற்றோருக்கு அது வழக்கம். பிள்ளைக்குத் தன் விஷயம். தொடர் செய்ததெல்லாம் அந்த வேலிக்கு ஒரு மரவீடு கட்டிக் கொடுத்ததுதான். அதில் எங்களுக்கு உண்மையிலேயே பயம் தந்தவர்கள் பெரியவர்கள்கூட இல்லை. ஐந்து பேரும் ஒரே குரலில் பேசும், சொன்ன பேச்சைத் தட்டாத 'டிலைட்ஃபுல்' பிள்ளைகள். வேலியே இல்லாத பிள்ளைகள்.

இன்னொரு வேடிக்கை. விதிகளை எதிர்த்துக் கிளம்பிய அந்தப் படையில் இருக்கும் விதிகள் எந்த வீட்டிலும் இல்லை. எண், பதவி, நிலாவில் தலைமையகம், எதற்கெடுத்தாலும் ஒரு சுருக்கப் பெயர். இதற்கு ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கியிடம் ஒரு பதில் இருக்கிறது. 1933-இல் ஆற்றிய உரையில், விளையாட்டில் குழந்தை தன் ஆசையை அடக்கி விதிக்குக் கட்டுப்படுகிறது, அதிகபட்ச இன்பமும் அதிலேயே கிடைக்கிறது என்றார். தானே போட்ட விதி என்பதால் அது பாரமாக இல்லை.

எங்கள் வளவுப் படையும் அப்படித்தான். நான் நம்பர் நான்கு. ரகசியச் சொல் மறந்த தங்கையை ஒரு நாள் முழுக்க முற்றத்துத் தூணுக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தோம். ஆயாகூட அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

தொடரில் கடுமையான விதி ஒன்று உண்டு. 13 வயதானால் படையிலிருந்து நீக்கிவிடுவார்கள், நினைவையும் அழித்துவிடுவார்கள். அதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். பெரிய மாமா மகனுக்கு 13 முடிந்த அன்று, நம்பர் ஒன்று பதவியைப் பிடுங்கி வெளியே அனுப்பினோம். அவன் முகப்பில் ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆண்கள் வட்டிக் கணக்குப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். புரிந்த மாதிரி தலையை வேறு ஆட்டினான். மறுநாள் மதியம் எல்லாரும் தூங்கியதும், இரண்டாங்கட்டில் நாங்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறித் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவன் வந்து எதுவும் பேசாமல் டின்னை இறக்கித் தந்தான். மேல்தட்டு அவனுக்குத்தான் எட்டியது.