நாட்டின் பெயர் மட்டும் போதாது: வெப்பமண்டலச் சாகசப் பயணத்துக்கு உடலைத் தயார் செய்தல்

மழைக்காட்டில் மலையேற்றம், ஆற்றில் ராஃப்டிங், கடலில் ஸ்கூபா, கடைசியில் நான்கு நாள் யோகா முகாம். இப்படித் திட்டம் போடுபவர்கள் முதலில் டிக்கெட் எடுக்கிறார்கள், அப்புறம் தங்கும் இடம், அப்புறம் ஷூ. பயண மருத்துவரைத் தேடி வருவது கிளம்புவதற்கு முந்தின வாரத்தில். வந்ததும் நாட்டின் பெயரைச் சொல்லி, "அங்கே போக என்ன ஊசி போடணும்?" என்று கேட்கிறார்கள். நாட்டின் பெயரை வைத்துப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். எந்த நாளில் எங்கே இருப்பீர்கள், ஆற்றில் இறங்குவீர்களா, கடலில் மூழ்குவீர்களா, உபவாசம் இருப்பீர்களா, தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் மீதிப் பதில் கிடைக்கும். நாள்வாரி நிகழ்ச்சி நிரலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, புறப்பட 6 முதல் 8 வாரம் இருக்கும்போதே வாருங்கள்.

அவ்வளவு முன்னதாக எதற்கு? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பல நாடுகள் இதைக் கேட்கின்றன. அங்கிருந்து வேறு வெப்பமண்டல நாட்டுக்குப் போனாலும் கேட்பார்கள். விமானம் மாறுவதற்காக நெடுநேரம் காத்திருந்ததைக்கூடச் சில நாடுகள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2016 ஜூலை முதல் இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால், பழைய சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இது உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுபவர்கள், கர்ப்பிணிகள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் தீரப் பேசிவிட்டே முடிவு செய்ய வேண்டும். டைஃபாய்டு ஊசிக்கு இரண்டு வாரம் வேண்டும். ஹெபடைடிஸ் ஏ ஊசியையும் அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

பலரும் தள்ளிவிடுவது ரேபிஸ் ஊசியை. "நாய் பக்கமே போக மாட்டேன்" என்பார்கள். கோயில் வளாகத்தில் பையைப் பிடுங்கும் குரங்கும், குகையில் கையில் உரசும் வௌவாலும் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கடிபட்ட பிறகு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரத மருந்து) தேவைப்படும். தீவுகளிலும் மலைக்கிராமங்களிலும் அது கிடைப்பது அரிது. கிளம்பும் முன்பே முதல் நாளும் ஏழு நாள் கழித்தும் இரண்டு ஊசி போட்டிருந்தால், கடிபட்டபின் இம்யூனோகுளோபுலின் வேண்டாம். கடித்த அன்றும் மூன்று நாள் கழித்தும் இரண்டே ஊசி போதும். எப்படியிருந்தாலும் முதல் வேலை கழுவுவது. குடிநீர்ப் பாட்டில் மூடியில் ஊசியால் துளையிட்டு அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி வரும். அதைக் கொண்டு காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடமே பத்து நிமிடமாகத் தோன்றும்.

மலேரியா மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் நாள்வாரி நிரல் மிகவும் உதவும். அடோவக்வோன்-புரோகுவானில் மாத்திரையை மலேரியா பகுதிக்குள் நுழைவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, வெளியேறிய பிறகும் 7 நாள் எடுக்க வேண்டும். கொழுப்புச் சத்துள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடலில் சரியாகச் சேரும். டாக்சிசைக்ளினையும் ஓரிரு நாள் முன்பு தொடங்கலாம், ஆனால் திரும்பியபின் 4 வாரம் தொடர வேண்டும். அது தோலை வெயிலுக்கு எளிதில் கருக வைக்கும் என்பதால் கடற்கரையில் நாள் கழிப்பவருக்குத் தொல்லை. முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். மெஃப்ளோகுவினை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். ஸ்கூபா செய்பவருக்கு அது வேண்டாம்: அது தரும் தலைச்சுற்றலையும் குழப்பத்தையும் ஆழ்கடல் அழுத்த நோயின் (மூழ்கி மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழ்கள் உருவாவதால் வருவது) அறிகுறியிலிருந்து பிரித்தறிவது கடினம். ஒரே நாட்டுக்குப் போகும் மூன்று பேருக்கு மூன்று விதமான மாத்திரை எழுத வேண்டி வருவது இதனால்தான்.

மாத்திரை போட்டாலும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வது அவசியம். மலேரியாக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். டீட் என்ற கொசுவிரட்டி மருந்து 20 முதல் 50 சதவீதம் உள்ள பூச்சைத் தேர்ந்தெடுங்கள். முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசுவிரட்டி என்ற வரிசை மாறக் கூடாது. கணுக்காலின் பின்புறம், சாக்ஸ் முடியும் விளிம்பு, காதுமடல், கழுத்தின் பின்பக்கம் ஆகிய நான்கு இடத்தையும் கை மறந்துவிடும்; கொசு அங்கேதான் உட்காரும். டெங்கு என்ற சந்தேகம் இருக்கும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஆறு, ஏரி விஷயத்தில் சற்று நின்று யோசியுங்கள். 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபாவில் ஈகோ சேலஞ்ச் என்ற சாகசப் பந்தயம் நடந்தது. அதன் பிறகு விசாரிக்கப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சேகாமா ஆற்றில் நீந்தியதே பெரிய காரணமாகத் தெரிய வந்தது. நல்ல உடல்கட்டு அவர்களைக் காக்கவில்லை. விலங்குகளின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், தோல் கீறல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் கிருமியை உள்ளே அனுப்பும். கனமழைக்குப் பிறகு ஆபத்து கூடும். டாக்சிசைக்ளின் எடுத்திருந்த வீரர்களுக்கு அது பாதுகாப்பாக இருந்தது. மலேரியாவும் ராஃப்டிங்கும் ஒரே பயணத்தில் வந்தால் டாக்சிசைக்ளினே இரண்டுக்கும் உதவும் என்பதை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் நன்னீர் ஏரிகளில், குறிப்பாக மலாவி ஏரியில் குளித்தவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து சிஸ்டோசோமியாசிஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தோலை ஊடுருவி நுழையும் ஒட்டுண்ணியால் வரும் நோய் அது. உடனே பரிசோதித்தால் தெரியாது.

வெப்பம் வேறு கணக்கு. உடல் சூட்டுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். இறங்கிய மறுநாளே முழுநாள் நடைபோடும் திட்டத்தைத் தள்ளி வையுங்கள். முதல் மூன்று நாள் காலையில் ஒரு மணி நேர நடை போதும். தண்ணீரை அதிகமாகக் குடித்தாலும் ஆபத்துண்டு. நெடுநேரம் வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். இதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் குடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புள்ளதைச் சாப்பிடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் தீர்ந்துபோனால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பை அள்ளிப் போட்டால் நிலைமை மோசமாகும்.

பூமத்திய ரேகைக்கு அருகே சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்தில் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டும். பிற்பகல் 2 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பி நடப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். டார்ச் பையிலேயே இருக்கட்டும்.

ஸ்கூபாவுக்குப் பிறகு அழுத்த நோய் வராமல் விமானம் ஏற, ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் குறைந்தபட்ச இடைவெளி. 24 மணி நேரம் விட்டால் நிம்மதி. இந்தக் கணக்கு மலைக்கும் பொருந்தும்: காலையில் மூழ்கிவிட்டு மாலையில் எரிமலை உச்சிக்கு வண்டியேறும் திட்டம் ஆபத்தானது. சளி, மூக்கடைப்பு இருந்தால் அன்று டைவ் வேண்டாம்; காதின் ஜவ்வு கிழியலாம்.

நலவாழ்வு முகாம்களைப் பற்றி யாரும் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. ஓய்வுக்குத்தானே போகிறோம் என்று நினைக்கிறார்கள். பயண மருத்துவர்களான எங்களுக்கு மிகவும் கவலை தருவது அதுதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொண்டு உபவாசம் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் பட்டினி கிடந்தால் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் சேரும் அபாய நிலை) வரலாம்; அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய இயல்பாகவே இருப்பதால் மீட்டரை நம்பி ஏமாந்துவிடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர்ப்பெருக்கி மாத்திரை எடுப்பவர்கள் நீராவி அறையிலிருந்து எழும்போது மயங்கி விழலாம். மனச்சோர்வுக்கான மாத்திரை எடுப்பவர்கள் அமேசான் பகுதி முகாம்களில் தரப்படும் அயஹுவாஸ்கா என்ற மனமயக்கும் மூலிகைப் பானத்தைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. ஃப்ளூயோக்செடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் நிறுத்தியபின் பல வாரம் உடலில் தங்கும். நீண்ட விமானப் பயணம் முடிந்து ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் மசாஜ் மேசைக்குப் போகாதீர்கள். ரத்த உறைவு இல்லை என்று உறுதியான பிறகு போகலாம்.

மருந்துகளைக் கைப்பையில், வாங்கிய அட்டையோடு, மூலப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்தோடு எடுத்துச் செல்லுங்கள். டிராமடால், கோடீன் போன்ற வலிநிவாரணிகளைச் சில நாடுகள் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள்: டைவின் ஆழம், மலையின் உயரம், மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம், மறைக்கப்பட்ட பழைய நோய். அவசர இடமாற்றச் செலவு அதில் அடங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

திரும்பி வந்தபின் ஃபால்சிபாரம் மலேரியா பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வெளிப்படும். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா ஓராண்டு கழித்தும் வரலாம். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், எந்த நாட்டில், எந்த ஆற்றில், எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பயணத்துக்கு முன் எழுதிய அந்த நாள்வாரித் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள்.