இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்கவில்லையா? அந்த 2 லட்சத்தை விட்டுவிடாதீர்கள்

இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாதபோது, யார் மேல் கேஸ் போடுவது என்று பல குடும்பங்கள் காரியம் முடிந்ததோடு அப்படியே விட்டுவிடுகின்றன. விட வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய அரசுத் திட்டப்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு கிடையாது. 2022-ல் நாடு முழுக்க இப்படி 67,387 விபத்துகள் நடந்தன, 2022-23 நிதியாண்டில் இந்த இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205. மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்த அதிகாரிகள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முதல் அடி ஆஸ்பத்திரியிலேயே விழுகிறது. ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு எழுதும்போது எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டி வருமே என்ற பயத்தில் கூட வந்தவர் "வண்டியிலிருந்து தானாக விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார், டியூட்டி டாக்டரும் அதையே எழுதிவிடுவார். அப்புறம் நீங்கள் எத்தனை காகிதம் கொண்டுபோனாலும் விசாரிக்கும் அதிகாரி அந்த வரியைத்தான் விரல் வைத்துக் காட்டுவார். ஆகவே பதற்றத்திலும் "அடையாளம் தெரியாத வாகனம் மோதியது" என்றே சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆரிலும் அதே சொற்கள் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம், ஜெராக்ஸுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்தது "கேஸ் முடியட்டும், பிறகு வாங்க" என்ற பதில். இதைக் கேட்டே வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டி கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், இந்த இழப்பீட்டைக் கேட்கலாம் என்று காவல் நிலையமே உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எந்த அலுவலகத்தில் கேட்பது என்ற விவரத்தோடு. அந்தக் கடிதம் வரவில்லையா, உத்தரவைக் குறிப்பிட்டு நீங்களே எழுதிக் கேளுங்கள்.

சரி, மனு எங்கே கொடுப்பது? லைசென்ஸ் எடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு இதில் வேலையே இல்லை. விசாரணை அதிகாரி வருவாய்த் துறைக்காரர், அதாவது தாசில்தார் அல்லது கோட்டாட்சியர். அதுவும் உங்கள் ஊர்க்காரர் அல்ல, விபத்து நடந்த இடத்துக்கு உரியவர். வீடு செங்கத்தில், விபத்து உளுந்தூர்பேட்டையில் என்றால் வாரிசுச் சான்றிதழை செங்கத்தில் வாங்கிக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் கிளார்க் இப்படி ஒரு திட்டத்தைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். முதியோர் பென்ஷன் பிரிவுக்கோ முதலமைச்சர் நிவாரண நிதிக்கோ கை காட்டினால் நகராதீர்கள். படிவம் 1-ல் மனு, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்புக் நகல், இவற்றோடு படிவம் 4-ல் ஓர் உறுதிமொழி. கொடுத்ததற்குச் சீல் போட்ட ஒப்புகை வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

விசாரணை அதிகாரி ஒரு மாதத்தில் கலெக்டருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், கலெக்டர் 15 நாளில் அனுமதிக்க வேண்டும், அதற்கடுத்த 15 நாளில் பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இது காகிதத்தில் உள்ள கணக்கு. இழுத்தால் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் ஒப்புகை நகலோடு கலெக்டரிடமே மனு கொடுங்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு நகல் போடுங்கள், இதைக் கண்காணிக்கும் குழுவில் அதன் செயலாளர் இருக்கிறார்.

காயம் என்றால் எலும்பு முறிவு, மூட்டு விலகல் போன்றவைதான் கொடுங்காயம். காயச் சான்றிதழில் 'சாதாரணக் காயம்' என்று இருந்தால் ஒரு பைசா வராது. எக்ஸ்ரே வருவதற்கு முன்பே அப்படி எழுதிவிடுகிறார்கள், எக்ஸ்ரேயைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள்.

ஜி.எச். வாசலில் "2 லட்சம் எதற்கு, 15 லட்சம் வாங்கித் தருகிறேன்" என்று புரோக்கர் வருவார். இடிக்காத ஒரு வண்டியைக் கணக்கில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவர் வித்தை. மாட்டினால் கிரிமினல் கேஸ் உங்கள் மேலும்தான். நிஜமான வண்டி பின்னால் கிடைத்தால் தாராளமாக மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் போங்கள், அங்கே அதிகம் கிடைக்கும். இந்த 2 லட்சத்தை மட்டும் திருப்பிக் கட்ட வேண்டும்.

இன்னொன்று. இறந்தவர் சொந்த பைக்கை ஓட்டிப் போனவரா, லைசென்ஸ் இருந்ததா? அப்படியானால் அவருடைய இன்சூரன்ஸ் பாலிசியைத் தேடி எடுத்து, 'ஓனர் டிரைவர்' விபத்துக் காப்பீடு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தனியாக 15 லட்சம், தாலுகா ஆபீஸில் இதைச் சொல்ல மாட்டார்கள்.