ஹெவிவெயிட்: இரண்டு அந்தர் ஆளுக்கு ஒரு தமிழ்ப் பேர்

போன மாதம் மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில் இருக்கும்போது ஒரு பொடியன் வந்து நோட்டீஸ் ஒன்றை நீட்டினான். எம்.எம்.ஏ. என்கிற, குத்தும் உதையும் பிடியும் கலந்த சண்டை பழகுகிற பொடியன்கள் சேர்ந்து வைக்கிற சின்னப் போட்டி. "சேர், அச்சுக்குக் குடுக்க முந்தி தமிழை ஒருக்காப் பாருங்க." இரண்டு ஒற்றுப்பிழை, ஒரு 'ர' 'ற' மயக்கம், அவ்வளவுதான். நடுவில் ஒரு வரிக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது: "அதிக எடைப் பிரிவு."

நம்மட ஆட்களுக்கு நிறை பார்க்கிற முதல் இடம் கிளினிக். பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு, அட்டையில் புள்ளி வைத்து, கோட்டுக்குக் கீழே நின்றால் "நிறை காணாதுகா" என்று தாயைப் பேசுவார் மிட்வைஃப் மிஸ். அதே பிள்ளை நாற்பது வயதில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போனால், "நிறை கூடிப்போச்சு, சோத்தைக் குறையுங்க" என்பார்கள். ஆக, அதிக எடை என்பது ஒரு வருத்தத்தின் பேர். "அதிக எடைப் பிரிவுச் சம்பியன்" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டால், மேடைக்கு வருகிறவன் கிண்ணத்தை வாங்க வருகிறானா மருந்துத் துண்டை வாங்க வருகிறானா என்று சனத்துக்குச் சந்தேகம் வரும்.

"அப்ப ஹெவிவெயிட் எண்டே போடவா சேர்?"

போடலாம். எல்லோருக்கும் விளங்கும். ஆனால் அந்தச் சொல் எங்கே இருந்து வந்தது என்று பார்த்தால், அதைத் தமிழில் சொல்ல வழி இருக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

ஹெவிவெயிட் என்பது முதலில் மனிதனைக் குறித்த சொல்லே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் குதிரை உலகத்தில் புழங்கிய சொல் அது. பாரமான ஆளை முதுகில் வைத்துக்கொண்டு வேலி பாய்ந்து ஓடக்கூடிய குதிரையை இன்றைக்கும் குதிரைக் காட்சிகளில் 'ஹெவிவெயிட் ஹண்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கவனியுங்கள், அங்கே பேர் கிடைத்தது பாரமான குதிரைக்கு அல்ல, பாரத்தைத் தாங்குகிற குதிரைக்கு. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குத்துச்சண்டைக்காரர்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மறுகா, அரசியல்வாதிக்கும் எழுத்தாளனுக்கும் முதலாளிக்கும் அது பட்டமாகிவிட்டது. அந்தக் கடைசிப் பொருளுக்கு நாம் மெனக்கெடத் தேவையில்லை. 'பெரும்புள்ளி' என்று கைவசம் ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலத்தை விட அதில் கொஞ்சம் நக்கலும் கூட.

சண்டைப் பொருளில்தான் சிக்கல். 1909இல் லண்டன் நாஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் குத்துச்சண்டையை எட்டு நிறைப் பிரிவாக வகுத்தபோது, ஹெவிவெயிட் என்றால் 'மேலே கூரை இல்லாதது' என்று பொருள். 175 இறாத்தலை, அதாவது பவுண்டை, தாண்டிய எல்லோரும் அதற்குள். கலப்புச் சண்டைக்கு, அதாவது எம்.எம்.ஏ.க்கு, தொடக்கத்தில் அந்தப் பிரிவுகூட இல்லை. 1993 நவம்பர் 12இல் அமெரிக்காவின் டென்வரில், எம்.எம்.ஏ. போட்டி நடத்துகிற யூ.எப்.சி. நிறுவனத்தின் முதலாவது போட்டியில் சுமோக்காரரும் குத்துச்சண்டைக்காரரும் ஒரே கூண்டுக்குள் விடப்பட்டார்கள். வென்றவர் ரொய்ஸ் கிரேசி, 80 கிலோ வருகிற பிரேசில்காரர். 1997 பெப்ரவரியில் நடந்த பன்னிரண்டாவது போட்டியில்தான் முதன்முதலாகக் கோடு கிழித்தார்கள். 200 இறாத்தலுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. மேல்பிரிவில் மார்க் கோல்மன் முதல் சம்பியன். இன்றைய விதியில் ஹெவிவெயிட்டுக்குத் தரையும் உண்டு, கூரையும் உண்டு: 205 இறாத்தலைத் தாண்டவேண்டும், 265ஐத் தாண்டக்கூடாது. கிலோவில் 93க்கும் 120க்கும் இடை.

இறாத்தல் என்று எழுதுவது நம்மட நாட்டு வாசகருக்கு வசதி. பேக்கரியில் ஒரு இறாத்தல் பாண் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரபியின் ரத்ல், போர்த்துக்கேயரின் வாய்க்குள் புகுந்து, நம்மிடம் இறாத்தல் ஆனது. 265 பாணை ஒரு பக்கத் தட்டில் வைத்தால் மறுபக்கம் ஒரு ஹெவிவெயிட் ஏறி நிற்கலாம். வயற்காரருக்கு இன்னும் லேசாகச் சொல்லலாம்: அந்தர். ஆங்கிலேயரின் ஹன்ட்ரட்வெயிட் தேய்ந்து வந்த சொல், 112 இறாத்தல். இரண்டு அந்தர் என்றால் 224. கூண்டின் நடுவில் நிற்கிற ஒரு ஹெவிவெயிட்டை, தோளில் ஏற்றிய இரண்டு உரப் பேக் என்று படுவான்கரையில் எவரும் கண்ணை மூடிக்கொண்டு அளந்துவிடுவார்.

இந்தப் பொடியனின் கைபேசித் திரையில் இருந்தவர் எம்.எம்.ஏ. ஹெவிவெயிட் பிரான்சிஸ் எங்கானு. பின்பக்கம் உடைந்த அந்தக் கைபேசியை மேசையில் சாய்த்து வைத்து, 2017 டிசம்பரில் அலிஸ்டர் ஓவரீம் விழுந்த அடியை எனக்கு மூன்று தரம் போட்டுக் காட்டினான். கீழிருந்து மேலே வருகிற இடக்கைக் குத்து. தலை பின்னால் மடிகிறது, உடம்பு விழுவதற்கு முன்பே ஆள் அங்கே இல்லை. நான் மூன்றாவது தரம் பார்க்கவில்லை, தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கானுவின் கதையை இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க ஒரு காரணம் இருக்கிறது. அவர் கமரூனில் பட்டியே என்ற ஊரில் 1986இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே மணல் அகழ்கிற இடத்தில் கூலிவேலை. சித்தாண்டி, கிரான் பக்கம் ஆற்று மண் ஏற்றுகிற ஆட்களைக் கண்டவருக்கு அந்த உடம்பு எப்படி வந்தது என்று விளக்கத் தேவையில்லை. ஈர மண் உலர்ந்த மண்ணை விடப் பாரம். சவளில் அள்ளி மெசின் பெட்டிக்கு எறியும்போது இடுப்பு திரும்ப வேண்டும், கை தனியே போகக்கூடாது. கையால் எறிகிறவனுக்கு ஒரு பெட்டி முடியுமுன் தோள் விட்டுப்போகும். அந்த இடுப்புத் திருப்பத்தைத்தான் ஓவரீம் வாங்கினார்.

குத்துச்சண்டை பழக வேண்டுமென்று ஊரை விட்டுப் புறப்பட்டு, பாலைவனம் கடந்து, மொரோக்கோவிலிருந்து கடல்வழியாக ஸ்பெயினுக்குப் போகப் பல தரம் முயன்று பிடிபட்டு, ஒருவழியாகக் கரையேறியதும் அங்கே இரண்டு மாதம் தடுப்பில் இருந்து, 2013இல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். படுக்க இடமில்லை. வாகனத் தரிப்பிடத்தில் உறங்கியிருக்கிறார். அங்கேதான் குத்துச்சண்டைக்குப் போனவரை எம்.எம்.ஏ.க்குத் திருப்பினார்கள். 2015 டிசம்பரில் யூ.எப்.சி.க்குள் நுழைந்தார். வள்ளம் ஏறிப் போன கதை நமக்கும் புதிதில்லை. ஆனால் போய்ச் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் உலகப் பட்டத்துக்கு நின்றவர் எத்தனை பேர்?

அந்தப் பட்டப் போட்டியில்தான் சொல்லின் பொருள் வெளியே வந்தது. 2018 ஜனவரி. எதிரே ஸ்டிப்பே மியோசிச், ஒஹையோ மாநிலத்தில் தீயணைப்பு வேலையும் பார்த்துக்கொண்டு சம்பியனாக இருந்தவர். நிறையில் எங்கானு கூட. முதல் சுற்றில் பலமெல்லாம் கொட்டிவிட்டார். மிச்ச நேரம் முழுக்க மியோசிச் அவரைக் கூண்டுக் கம்பியோடு சாய்த்து, கீழே வீழ்த்தி, மேலே படுத்து, தன் உடம்பைச் சுமக்க வைத்தார். ஐந்து சுற்று முடிவில் புள்ளியில் தோல்வி. அதாவது அன்றைக்குப் பாரமானவர் தோற்றார், பாரத்தைச் சுமத்தத் தெரிந்தவர் வென்றார். குதிரைக்காரர்களின் பழைய பொருள் கிறுகி வந்து நின்றது போல இருந்தது எனக்கு.

எங்கானு அதற்குப் பிறகு கற்றுக்கொண்டார். 2021 மார்ச் 27இல் 263 இறாத்தலோடு வந்தார், மியோசிச் 234. கிட்டத்தட்ட 30 இறாத்தல் வித்தியாசம், ஆனாலும் இருவரும் ஒரே பிரிவு! இரண்டாம் சுற்றில் மியோசிச் விழுந்தார். 2022 ஜனவரியில் சிரில் கானுடன், முழங்கால் பழுதோடு, யாரும் எதிர்பாராத விதமாகப் பிடித்து வீழ்த்திப் புள்ளியில் வென்றார். அடிக்கிற ஆள் பிடிக்கிற ஆளாக மாறிய நாள் அது. அடுத்த வருடம் ஒப்பந்தத்தில் உடன்பாடு வராமல் பட்டத்தை விட்டுவிட்டு வெளியேறினார். 2023 ஒக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டைச் சம்பியன் டைசன் பியூரியோடு குத்துச்சண்டை. மூன்றாம் சுற்றில் பியூரியைத் தரையில் விழுத்தி, கடைசியில் நடுவர்கள் பிரிந்து கொடுத்த தீர்ப்பில் தோற்றார். அன்றைக்கு அவர் நிறை 272 இறாத்தல். குத்துச்சண்டையில் அது ஹெவிவெயிட். எம்.எம்.ஏ. விதிப்படி பார்த்தால் 7 இறாத்தல் கூட, தராசிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஒரே மனிதன், ஒரே சொல், இரண்டு வேலி.

ஆகவே இது உடம்பைச் சொல்கிற சொல் அல்ல, எல்லையைச் சொல்கிற சொல். கிராம சேவகர் பிரிவு மாதிரி. பிரிவுக்குள் குடியிருக்கிறவன் கட்டையோ நெட்டையோ, பதிவு அங்கேதான்.

இனித் தமிழ். 'பாரம்' நம்மட வாயில் தினமும் புரளுகிற சொல். ஆனால் இலங்கைத் தமிழில் லொறியைப் 'பாரவூர்தி' ஆக்கிவிட்டோம், அதிபர் பாடசாலையைப் 'பாரமெடுக்கிறார்'. 'பாரமல்லர்' என்று போட்டால் சில்லுப் பூட்டிய ஆள்தான் மனதில் வருவார். 'கனம்' நல்ல சொல்தான், பழைய காகிதங்களில் கனம் பொருந்தியவர்கள் நிறைய உண்டு. இங்கே பேச்சில் அது 'கன பேர்', 'கன நாள்' என்று எண்ணிக்கைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. கனநிறை என்றால் கன தரம் நிறுத்தது என்று யாரேனும் விளங்கிக்கொள்வார்கள்.

எடையா நிறையா என்பதில் தமிழ்நாட்டுக்கும் நமக்கும் ஒரு பழைய பிணக்கு. நம்மட பௌதிகவியல் புத்தகத்தில் பொருளின் அளவு 'திணிவு', புவி இழுக்கிற விசை 'நிறை'. அங்கே முதலாவது 'நிறை', இரண்டாவது 'எடை'. அங்கிருந்து வருகிற பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் படித்து, பரீட்சையில் மாறி எழுதி, புள்ளி இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். சொல்லின் வேரில் இரண்டும் நல்லவை. எடு என்பதிலிருந்து எடை, தூக்கிப் பார்ப்பது. நிறு என்பதிலிருந்து நிறை, தராசில் நிறுத்துப் பார்ப்பது. சண்டைக்கு முதல்நாள் வீரனை யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை, தட்டில் ஏற்றி நிறுக்கிறார்கள். தொல்காப்பியம் அளவோடு சேர்த்து எண்ணுவதும் நிறையைத்தான். ஆகவே என் வாக்கு நிறைக்கு. 'அதிக' என்ற குற்றச்சாட்டை எடுத்துவிட்டுப் 'பெரு' சேர்த்தால், பெருநிறைப் பிரிவு. பெருங்கடல், பெருவெளி போல, குறை சொல்லாமல் அளவு சொல்கிற முன்னொட்டு அது.

ஆளுக்கு என்ன பேர்? 'கலப்புத் தற்காப்புக் கலை வீரர்' என்று பத்திரிகைகள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓவரீமை அடித்தவர் எதைத் தற்காத்தார்? போதாக்குறைக்குக் கலப்பு என்றதும் மட்டக்களப்பான் காதில் களப்புத்தான் விழும், வாவிக்கரையில் ஏதோ அடிபிடி என்று நினைத்துவிடுவான். சங்கப் பாட்டில் இருக்கிறது அதற்கான சொல்: மல்லன். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்ற, மறு கால் அவன் சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னால் வளைந்து கிடக்கிறது. இன்றைக்கு எம்.எம்.ஏ. வர்ணனையாளர் நிலத்துச் சண்டையைச் சொல்வதும் இப்படித்தான், எந்தக் கால் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாம். 'மைந்துடை மல்லன்' என்கிறார் புலவர். மைந்து என்றால் வலிமை. நிறையைப் பற்றிப் பேச்சே இல்லை.

மல் வடமொழியா தமிழா என்று வேறு சண்டை நடக்கிறது, அதற்குள் நான் இறங்கவில்லை. குத்தும் உதையும் மல்லில் அடங்குமா என்று கேட்கலாம். 'அடி'யும் 'பிடி'யும் சேர்ந்ததுதான் நம்மட கரையோரம் பழகிவந்த சீனடியும் சிலம்படியும். மூட்டை மடக்கிப் பிடிப்பதைத் தமிழ் அடிமுறையில் 'பூட்டு' என்பார்கள், விடுவிப்பது 'பிரிவு'. எம்.எம்.ஏ.யில் கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைக்கிற பிடிகளுக்கெல்லாம் அந்த ஒரு சொல் போதும்: கைப்பூட்டு, கால்பூட்டு, கழுத்துப்பூட்டு.

நோட்டீசில் 'அதிக எடைப் பிரிவு' என்பதை வெட்டி, 'பெருநிறைப் பிரிவு, 93 - 120 கிலோ' என்று எழுதிக் கொடுத்தேன். பொடியன் இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா நான் 91. எனக்குக் கீழ்ப்பிரிவு, லைட் ஹெவிவெயிட். அதுக்கு என்ன போடுற?"

லேசான பாரம். ஆங்கிலக்காரன் அதை யோசிக்காமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இடைநிலை, சிறுபெரு, பெருநிறைக்கீழ் என்று துண்டில் எழுதி எழுதி வெட்டினேன். எதுவும் சரிவரவில்லை. கடைக்காரர் இரண்டாவது தேத்தண்ணியையும் ஒரு தட்டு வடையையும் கொண்டுவந்து வைத்தார்.

"விடுங்க சேர்," என்று பொடியன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். "நான் ரெண்டு கிலோ ஏத்திட்டு வாறன். அது லேசு."