வனஸ்பதி: ஆலமரத்திலிருந்து டப்பா வரை

பரோட்டா மாஸ்டர் மாவு உருண்டையை வீசி விரிப்பதற்கு முன் விரல்களால் அள்ளித் தடவுகிற அந்த வெள்ளைப் பொருளுக்கு ஊரில் பெயர் டால்டா. டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பது வனஸ்பதி. முதலாவது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். இரண்டாவது வடமொழியில் மரத்தின் பெயர். உள்ளே இருப்பது என்ன என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

வனஸ்பதி என்றால் காட்டின் தலைவன், அதாவது பெருமரம். வேதங்களிலேயே இருக்கும் பழைய சொல். ஆயுர்வேதம் இதை இன்னும் நுட்பமாகப் பயன்படுத்தியது: வெளியே பூ தெரியாமல் காய்க்கிற ஆல், அத்தி போன்றவை வனஸ்பதி, பூத்துக் காய்ப்பவை வேறு வகை. பூ தெரியாமல் காய்க்கும் மரம் என்ற இந்த அர்த்தத்துக்குத் தமிழில் நேர்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. கோளி என்ற சொல் சங்க காலத்திலேயே இருக்கிறது. புறநானூற்றின் 58ஆம் பாட்டில் 'கோளி ஆலம்' வருகிறது. ஔவையாரின் 'பூவாதே காய்க்கும் மரம்' என்பதும் இதுதான். ஆனால் கடைக்குப் போய் அரைக் கிலோ கோளி கேட்க முடியாது, ஏனென்றால் சொல் நடுவழியில் திசை மாறிவிட்டது.

இன்றைய இந்தியில் வனஸ்பதி என்பது பொதுவாகத் தாவரம் என்றாகிவிட்டது. தாவரவியலுக்கே 'வனஸ்பதி விஞ்ஞான்' என்று பெயர். தாவர எண்ணெயில் செய்த போலி நெய்யை அந்த வழியில் 'வனஸ்பதி கீ' என்றார்கள். பிறகு பின்பாதி உதிர்ந்து, அடைமொழி மட்டும் பொருளின் பெயராக நின்றுவிட்டது. டால்டாவின் கதை இன்னும் எளிது. இறக்குமதி செய்து விற்றுவந்த டச்சு நிறுவனத்தின் 'டாடா' (Dada) என்ற பெயருக்கு நடுவே, லீவர் நிறுவனம் தன் முதலெழுத்தான 'ல்' ஒலியைச் செருகி 1937இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தமிழில் சிலர் இதைத் 'தாவர நெய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. நெய் என்பது ஒருகாலத்தில் எல்லாக் கொழுப்புக்கும் பொதுச்சொல்லாக இருந்தது உண்மைதான். எள்ளின் நெய்தானே எண்ணெய்! பிறகு எள்ளை மறந்து தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் வரை வந்துவிட்டோம். ஆனால் இன்று நெய் என்றால் பசுநெய்யோ எருமை நெய்யோதான். வனஸ்பதிக்கு அந்தப் பெயரைக் கொடுப்பது கலப்படக்காரனுக்குத் துணை போவதாகும்.

கலப்படம் உண்மையிலேயே பெரும் தொல்லையாக இருந்தது. வனஸ்பதியைப் பார்த்தாலும் தொட்டாலும் நெய் போலவே இருக்கும். அதனால் அரசு ஒரு தந்திரம் செய்தது: வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆகவேண்டும் என்று விதித்தது. உருக்கிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் விட்டுக் குலுக்கினால், எள்ளெண்ணெய் இருக்கும் பட்சத்தில் அடியில் தங்கும் அமிலம் செக்கச்சிவந்துவிடும். போடோவின் (Baudouin) சோதனை என்று இதற்குப் பெயர். எள்ளில் மட்டும் உள்ள ஒரு பொருள் இந்த நிறத்தைத் தருகிறது. போலி நெய்யைக் காட்டிக்கொடுக்கும் வேலை எள்ளின் நெய்க்கே வாய்த்தது!

சரி, திரவ எண்ணெய் எப்படிக் கட்டியாகிறது? வில்ஹெல்ம் நார்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1901இல் இதைச் செய்து காட்டினார். நிக்கல் தூள் கலந்த சூடான எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும். கொழுப்பு அமிலச் சங்கிலியில் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு இருந்தால், அங்கே ஹைட்ரஜனுக்கு இன்னும் இடம் இருக்கிறது. அது நிறைவுறாக் கொழுப்பு. இடமெல்லாம் நிரம்பிவிட்டால் நிறைவுற்ற கொழுப்பு. இலங்கைத் தமிழில் 'நிரம்பிய கொழுப்பு' என்பார்கள். எனக்கு அதுவே மேல். 'நிறைவுற்ற' என்றதும் ஏதோ நிறைவான உணவு என்ற மயக்கம் வருகிறது. நிரம்பியது ஹைட்ரஜன்தான், சத்து அன்று. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்த வகை, நல்லெண்ணெயில் 15 சதவீதம் அளவே. மார்கழிக் காலையில் முன்னது புட்டியில் உறைந்துபோவதற்கும் பின்னது ஓடுவதற்கும் காரணம் இதுவே.

சிக்கல் அரைகுறையாக நிரப்பும்போது வருகிறது. இயற்கை எண்ணெயில் இரட்டைப் பிணைப்பின் இரு ஹைட்ரஜன்களும் ஒரே பக்கம் இருப்பதால் சங்கிலி அங்கே வளைந்திருக்கும். நிக்கல் சூட்டில் சில பிணைப்புகள் நிரம்பாமலேயே திருகிக்கொள்கின்றன. ஹைட்ரஜன்கள் எதிரெதிர்ப் பக்கம் போய்விட, சங்கிலி நேராகிறது. கோணல் விறகைவிட நேர் விறகு நெருக்கமாக அடுக்கப்படுவது போல இவை இறுகுகின்றன. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. ஆனால் எண்ணெய்களில் உள்ள கொழுப்பு அமிலங்களில் ஒன்றான, வளைந்த ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடும், அதன் நேரான வடிவமான எலாயிடிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 44 டிகிரி வேண்டும்.

இந்த நேரான வடிவத்துக்குத்தான் டிரான்ஸ் கொழுப்பு என்று பெயர். லத்தீனில் டிரான்ஸ் என்றால் அப்புறம், சிஸ் என்றால் இப்புறம். ரோமானியர்கள் ஆல்ப்ஸ் மலையின் இரு பக்க நிலங்களையும் இச்சொற்களால்தான் பிரித்தார்கள். 'மாற்றுக் கொழுப்பு' என்று பெயர்த்தால் பதிலி என்று பொருள்பட்டுவிடும். 'மறுபக்கக் கொழுப்பு' என்பதில் லத்தீன் சொல்லின் அர்த்தமும் இருக்கிறது, ஹைட்ரஜன் இடம் மாறியதும் தெரிகிறது. வனஸ்பதிக்கு 'உறைவித்த எண்ணெய்' என்று வைத்துக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் தானாக உறைகிறது, இதை நாம் உறைவிக்கிறோம்.

மறுபக்கக் கொழுப்பு ஏன் எல்லாவற்றிலும் கெட்டது என்பது 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மென்சிங்க், கேட்டன் இருவரும் வெளியிட்ட ஆய்வில் தெளிவானது. அது கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல்.லையும் இறக்கிவிடுகிறது. நிரம்பிய கொழுப்பு முதல் வேலையைச் செய்யும், இரண்டாவதைச் செய்யாது. பால், நெய்யிலும் இயற்கையாகச் சிறிதளவு மறுபக்கக் கொழுப்பு உண்டு. அசைபோடும் விலங்குகளின் வயிற்று நுண்ணுயிர்கள் உண்டாக்குபவை அவை.

இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில் இதற்கான உச்சவரம்பு 2021 தொடக்கத்தில் 3 சதவீதமாகவும் 2022 தொடக்கத்தில் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. வனஸ்பதி மறைந்துவிடவில்லை. பாமாயிலைக் கொண்டும், கொழுப்பு அமிலங்களை இடம் மாற்றிக் கோக்கும் 'இன்டர்எஸ்டரிஃபிகேஷன்' முறையிலும் இப்போது கட்டியாக்குகிறார்கள். அதனால் பாக்கெட்டில் டிரான்ஸ் கொழுப்பு பூஜ்யம் என்று பெரிதாகப் போட்டிருந்தால், அதற்கு மேல் வரியில் நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்பதையும் பாருங்கள். கட்டியாக நிற்பதற்கு ஏதாவது ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும்.